கட்டுப் போட்ட கால்

நான் கால்பந்தை நன்றாக ஆடுகிறவன் என்று யாரும் சொன்னதில்லை. பதின்மூன்று வருஷமாக எனக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் யாரும் அதற்காகக் கொடுக்கவும் இல்லை. எதிரணியில் எவன் நன்றாக ஆடுகிறானோ அவனை ஆடவிடாமல் செய்வதுதான் என் வேலை. பத்திரிகைக்காரர்கள் இதற்குத் தற்காப்பு நடுக்களம் என்று கௌரவமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மைதானத்தில் என்னை ரம்பம் என்பார்கள். இரண்டு பேர் மூக்கையும் ஒருவன் தாடையையும் உடைத்திருக்கிறேன். விலா எலும்புகளுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. என் வாயிலும் முன்பல் மூன்று சொந்தப் பல் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுப் போவேன்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டும் சொல்லவில்லை. கசாப்புக் கடைக்காரனிடம் போய் ஏன் வெட்டுகிறாய் என்று யாராவது கேட்பார்களா?

என் மனைவியின் தம்பி வேறு ரகம். எங்களுக்குக் கல்யாணமானபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வருஷமே மாமனார் போய்விட்டார், மாமியார் அதற்கு முன்பே இல்லை, ஆகவே அவன் ஒரு பையும் ஒரு பந்துமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கொல்லையில் துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே நானும் அவனும் ஆடுவோம். மூன்று தப்படி நீள இடம்தான். அதற்குள் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு இடமும் வலமுமாகச் சுழன்று சுழன்று என்னை அலைக்கழிப்பான். நான்தான் அவனுக்குப் பம்பரம் என்று பேர் வைத்தேன். அவன் முட்டியில் நான் எத்தனை தரம் உதைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீலம் பூத்து நிற்கும். மறுநாள் அதே முட்டியோடு வந்து, "வாங்க மாமா, நேத்து பாக்கி இருக்கு" என்பான்.

எங்கள் கிளப்பில் அவனைச் சேர்க்கச் சொல்லி நானே கோச்சிடம் கேட்டேன். ஒல்லி, காற்றடித்தால் விழுந்துவிடுவான் என்றார். அதே ஊரில் இருக்கிற இன்னொரு கிளப், எங்களுக்கு ஜென்மப் பகையான கிளப், அவனைத் தூக்கிக்கொண்டது. பதினேழு வயதில் முதல் ஆட்டம். எதிரணிக் கேப்டன் முழங்கையால் வாயிலேயே ஒன்று கொடுத்தான். பயல் கீழே விழுந்தான், எழுந்தான், உள்ளங்கையில் இரண்டு பல்லைத் துப்பினான், கோட்டுக்கு வெளியே நின்ற டாக்டர் கையில் அதை வைத்துவிட்டு மறுபடியும் ஓடினான். பத்து நிமிஷம் கழித்து கோல் போட்டான். அடுத்த சீசனில் அதே கேப்டனைப் பார்த்தபோது, கார்னருக்காக எல்லோரும் நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்துக்குள், நெற்றியால் அவன் மூக்கில் ஒரு முட்டு. ரெஃப்ரி பார்க்கவில்லை. நான் டிவியில் பார்த்தேன். சந்தோஷத்தில் குதித்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் அவனை அடிக்காத அணி இல்லை. பதினெட்டில் தோள்பட்டை எலும்பை உடைத்தார்கள். பத்தொன்பதில் கணுக்கால். ஒருமுறை புருவத்தில் ஏழு தையல் போட்டுக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் ஒரு கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் அக்கா தட்டை நங்கென்று வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே ஒரு நாள் ரத்தம் இல்லாம வீட்டுக்கு வாங்க, நான் செத்தாலும் பரவால்ல" என்றாள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் கிளப்பும் அவன் கிளப்பும் மோதும். அந்த வாரத்துக்கு அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். பயல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளப் விடுதிக்குப் போய்விட வேண்டும். ஆட்டம் முடியும்வரை நானும் அவனும் பேசக்கூடாது. போன் கூடக் கிடையாது. "பேசினா ஒருத்தன்கிட்டேர்ந்து ஒருத்தன் ஏதாவது புடுங்கிருவீங்க. அப்புறம் எம் மூஞ்சில எப்படி முழிப்பீங்க?" என்பாள். நாங்களும் அதை மீறியதில்லை.

இன்னொரு விஷயமும் இப்போதே சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அவனுக்கு இடது முட்டி வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னால் இடம் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலை செய்தான். ஒன்றுமே ஆகாத வலது முட்டியில், தடிமனாக, ஊருக்கே தெரிகிற மாதிரி வெள்ளைக் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினான். எதிரணிக்காரன்கள் தொண்ணூறு நிமிஷமும் அந்த வலது முட்டியையே குறிவைத்து உதைத்தான்கள். அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கட்டைப் பிரித்து ஐஸ் வைக்க, அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"அக்கா, அது நல்ல காலு!"

"நல்ல காலா இது? கத்தரிக்கா மாதிரி இருக்கு!"

"வீங்கினது இந்தக் காலு. கட்டுப் போட்டது அந்தக் காலு. போட்டதை நம்பி எல்லாம் அதையே அடிச்சானுங்க."

"இப்ப ரெண்டு காலும் போச்சே, அறிவாளி!"

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தத் தந்திரம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

இந்த வருஷம் அவனுக்கு இருபத்தொரு வயது. கடல் தாண்டி ஒரு பெரிய கிளப் அவனைக் கேட்டது. பேர் சொன்னால் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிகிற கிளப். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை அங்கே உடல் பரிசோதனை, அது தேறினால் அன்றைக்கே கையெழுத்து. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் இங்கே ஆடுகிற கடைசி ஆட்டம். எதிரணி நாங்கள்.

எங்கள் நிலைமை வேறு. அந்த ஆட்டத்தில் தோற்றால் கிளப் கீழ் டிவிஷனுக்குப் போய்விடும். எனக்கு முப்பத்து மூன்று. கீழே போகிற கிளப் முதலில் கழற்றிவிடுகிற ஆள் நானாகத்தான் இருக்கும். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு பயிற்சியிலிருந்து அவன் நொண்டிக்கொண்டு வெளியேறினான் என்று பத்திரிகையில் வந்தது. எந்தக் கால் என்று போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவள் குளியலறை வாசலில் வந்து நின்றாள். தன் சட்டத்தைத் தானே மீறினாள்.

"அவனுக்கு முட்டி பிசகியிருக்கு. போன வாரமே சொன்னான்."

"எந்த முட்டி?"

"கேக்கல. கேட்டா உங்ககிட்ட சொல்லிருவேனோன்னு கேக்கல." கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "வியாழக்கிழமை வரைக்கும் அவன் ஒழுங்கா நடக்கணும். அவ்வளவுதான். நான் வேற எதுவும் உங்ககிட்ட கேட்டதில்ல."

"என்னால அவனுக்கு ஒண்ணும் ஆகாது. போ."

"சத்தியமா?"

"சத்தியமா."

மைதானத்தில் உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்தபோது அவனைப் பார்த்தேன். இடது முட்டியில் கட்டு. தடிமனான வெள்ளைக் கட்டு, தொடைப் பாதி வரைக்கும். கோச்சும் பார்த்துவிட்டார். என்னைக் குளிக்கிற அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"கட்டுப் பாத்தியா? அங்கதான். ஒரே அடி."

"அவன் எம் மச்சான்."

"தெரியும். அதனாலதான் உங்கிட்ட சொல்றேன். அவன் எந்தப் பக்கம் திரும்புவான்னு உனக்குத்தான் தெரியும்." ஷவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை இறுக்கி மூடினார். "அடுத்த வருஷம் உனக்கு இடம் வேணுமா, வேணாமா?"

சரி என்றேன். உடனே சொன்னேன். ஏனென்றால் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கட்டு இடதில் என்றால் பிசகினது வலது. கோச் என்னை அடிக்கச் சொன்னது நல்ல காலை! கொல்லையில் நூறு தரம் நான் உதைத்த கால். இன்னும் ஒரு உதையை அது தாங்காதா? நீலம் பூக்கும், அவ்வளவுதான். நீலத்துக்காக எந்தக் கிளப்பும் கையெழுத்தை நிறுத்தாது. கோச் சொன்னதும் நடந்துவிடும், அவளுக்குச் செய்த சத்தியமும் நிற்கும். நான் எவ்வளவு பெரிய புத்திசாலி என்று எனக்கே தோன்றியது.

இரண்டு அணியும் வரிசையாக நிற்கிற சுரங்கப் பாதையில் அவன் எனக்கு நேர் எதிரே நின்றான். என் பூட்ஸைப் பார்த்தான். அதன் ஆணிகளைப் பார்த்தான். நான் அவன் கட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தேன். நமக்குத் தெரியாதா மச்சான் என்கிற சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை. நன்றாக நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் ஆரம்பித்த நான்காவது நிமிஷமே ரத்தம் பார்த்தது. எங்கள் இடது பக்கத் தடுப்பாளனும் அவர்களுடைய முன்கள ஆளும் ஒரே பந்துக்கு எம்பி மண்டையோடு மண்டை மோதிக்கொண்டார்கள். எங்கள் ஆளுக்கு நெற்றி பிளந்து எலும்பு தெரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தான். பதினோராவது நிமிஷம் நான் அவர்களுடைய கேப்டனின் குதிகாலை மிதித்தேன். அவன் திரும்பி என் தொண்டையைப் பிடித்தான். இரண்டு பேருக்கும் மஞ்சள் கார்டு. சுற்றிலும் ஜனம், கொல்லு கொல்லு என்று கத்துகிறது. எங்கள் ஊரில் நல்ல மனுஷர்கள்தான் அவர்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

அதற்கு நடுவில் பயல் ஆடினான். அவன் ஆட்டத்தை நான் என்னவென்று சொல்ல? முட்டி பிசகின ஆள் மாதிரியே தெரியவில்லை. ஓட்டம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நின்ற இடத்திலிருந்தே நாற்பது தப்படி தள்ளி ஓடுகிறவன் காலில் பந்தை வைத்தான். இருபதாவது நிமிஷம் நான் அவன்மேல் பாய்ந்தேன். பந்தை என் இரண்டு காலுக்கு நடுவில் விட்டு அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டான். ஜனம் சிரித்தது. முப்பத்தைந்தாவது நிமிஷம் மறுபடி அதே மாதிரி. இந்தத் தடவை நான் நிலை தடுமாறிக் குப்புற விழுந்தேன். "ரம்பம் மழுங்கிப் போச்சுடோய்!" என்று ஒருத்தன் கத்த, அந்தப் பக்கத்து கேலரி முழுக்க அதையே பாட்டாகப் பாடியது. அந்தப் பந்திலிருந்துதான் அவர்கள் கோல் போட்டார்கள்.

இடைவேளையில் கோச் மற்ற எல்லோரையும் திட்டினார். என் எதிரே வந்து நின்று, தன் முட்டியை இரண்டு விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

இரண்டாம் பாதியில் ஒரு கோலைத் திருப்பிப் போட்டோம். அறுபதாவது நிமிஷம் நானும் அவனும் ஒரு பந்துக்காகத் தோளோடு தோள் மோதினோம். அவன் முழங்கை என் வாயில் இறங்கியது. தெரிந்து அடித்தானா தெரியாமல் அடித்தானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. உதடு கிழிந்து கழுத்துவரை ரத்தம். நான் மண்டியிட்டு மண்ணோடு சேர்த்துத் துப்பிக்கொண்டிருந்தேன். அவன் மேலே நின்று கையை நீட்டினான்.

"எந்திரிங்க மாமா. வயசாகுதுல்ல."

கொல்லையில் ஆயிரம் தடவை சொன்ன அதே கிண்டல்தான். ஆனால் அங்கே முப்பதாயிரம் பேர் பாடவில்லை. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. எனக்கு இந்த ஆட்டத்தோடு எல்லாம் முடியப் போகிறது, அவனுக்கு எல்லாம் ஆரம்பிக்கப் போகிறது, அதோடு வயசாகுதுல்ல என்கிறான்.

இரண்டு நிமிஷம் கழித்து அவனுக்குப் பந்து வந்தது. முதுகு எனக்கு. எந்தப் பக்கம் திரும்புவான் என்று எனக்குத் தெரியும், வலது பக்கம் போக்குக் காட்டி இடது பக்கம் திரும்புவான். திரும்பும்போது உடம்பின் பாரம் முழுக்க இடது காலில் நிற்கும். அந்தக் கட்டு, வெள்ளை வெளேரென்று, எனக்கு நேரே வந்தது. நல்ல கால்தானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நல்ல கால்தானே என்று நினைத்து, என்னிடம் இருந்த பலத்தையெல்லாம், என் தொண்ணூறு கிலோவையும் சேர்த்து, பூட்ஸின் அடிப்பாகத்தை அங்கே இறக்கினேன்.

ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து குச்சி ஒடிகிற மாதிரி இன்னொன்று. முட்டிக்குக் கீழே இருந்த பாகம் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. அவன் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் குப்புறப் புரண்டு புல்லைக் கடித்தான். கடித்த புல்லோடுதான் அலறல் வந்தது. நான் என் தொழிலில் நிறைய அலறல் கேட்டிருக்கிறேன். இது எங்கள் வீட்டில் வளர்ந்த குரல்.

அவர்களுடைய டாக்டர் ஓடிவந்து கத்தரியால் கட்டை வெட்டினார். அடுக்கு அடுக்காகக் கட்டு விலகியது. அடியில் தோல் தெரிந்தது. மஞ்சளும் பச்சையுமாக, முட்டியைச் சுற்றிப் பரவியிருந்த கன்றல். அது அன்றைக்கு வந்த கன்றல் இல்லை. அன்றைக்கு அடிபட்டது சிவந்திருக்கும், மறுநாள் நீலமாகும். மஞ்சளாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். எனக்கு இதெல்லாம் படிக்காமலே தெரியும்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்களுடைய கேப்டன் முதல் குத்தை என் காதில் விட்டான். இரண்டாவது கண்ணில். கீழே விழுந்த பிறகு எத்தனை பேர் மிதித்தார்கள் என்று தெரியாது. ஒரு விரல் நசுங்கியது, விலாவில் ஏதோ பெயர்ந்தது. நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. ரெஃப்ரி கார்டை எடுத்தார், கூட்டம் எதையோ எறிந்தது, யாரோ என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். மிச்ச ஆட்டத்தில் அவன் இல்லாமல் அவர்கள் திணறியிருக்கிறார்கள். கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கோச்சிடமிருந்து போனில் செய்தி வந்தது. அடுத்த வருஷம் உன் இடம் உறுதி என்று எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலில் வீட்டுச் செருப்பு, அதுவும் ஜோடி மாறியது. டாக்டர் வெளியே வந்தார். மூன்று தசைநார் அறுந்திருக்கிறது, எலும்பும் உடைந்திருக்கிறது, அதில் ஒரு தசைநார் ஏற்கெனவே பாதி கிழிந்திருந்தது என்றார். நடப்பான், அதற்கு உத்தரவாதம் தருகிறேன் என்றார். நடக்கணும் என்றுதானே அவளும் காலையில் கேட்டாள்.

உள்ளே போனோம். அவன் கண் திறந்திருந்தது. காலை இரும்புச் சட்டத்துக்குள் வைத்துத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பற்களுக்கு நடுவில் இன்னும் புல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை நனைத்து அதைத் துடைக்கப் போனாள். அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"தப்பு எம் மேலதான் மாமா" என்றான். மருந்தில் நாக்கு குழறியது. "நீங்க கட்டில்லாத காலைத்தான் அடிப்பீங்கன்னு நெனச்சேன். உங்களுக்கு மட்டும்தான விஷயம் தெரியும். அதான் இந்தத் தடவை மாத்திப் போட்டேன். வலிக்கிற கால்லயே போட்டேன்."

அவள் கை அப்படியே நின்றது.

அவனுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். பிசகின கால் எது என்று தெரிந்தால் ரம்பம் அங்கேதான் அடிப்பான் என்று நினைத்திருக்கிறான். எட்டு வருஷம் என் தட்டுக்குப் பக்கத்தில் தட்டு வைத்துச் சாப்பிட்டவன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"டேய், நான் நல்ல காலுன்னு நெனச்சுதான்டா அடிச்சேன்! கோச் கட்டுல அடின்னாரு. நீ பழையபடி மாத்திக் கட்டியிருக்க, நல்ல காலுதான், தாங்கும்னு நெனச்சேன். உன்னைக் காப்பாத்தத்தான்டா அங்க அடிச்சேன்! உங்கக்காவுக்குச் சத்தியம் பண்ணிட்டு வந்தேன்டா!"

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். நான் சொன்னதை நம்பிவிட்டான் என்று தெரிந்தது. முகத்தில் ஏதோ தளர்ந்தது. அப்புறம் நெற்றியைச் சுருக்கினான். கொல்லையில் புதிதாக ஒரு ஆட்டத்தைக் காட்டினால், அது எப்படி என்று யோசிக்கும்போது சுருக்குவானே, அதே மாதிரி.

"சரி மாமா. காப்பாத்தத்தான் அடிச்சீங்க." மெதுவாகக் கேட்டான், கோபமே இல்லாமல். "அப்புறம் ஏன் அவ்வளவு பலமா அடிச்சீங்க?"

நான் வாயைத் திறந்தேன். கிழிந்த உதடு மறுபடி பிரிந்து ரத்தம் வந்தது. அவள் ஈர முந்தானையைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பி நின்றாள். பதில் அவளுக்கும் வேண்டியிருந்தது.